முந்தி எழும்பிவிட்ட வேதமாணிக்கம்

வெள்ளம் வந்து, வடிந்து, வாழைத் தோட்டங்களை மணல் மூடி, நிவாரண அரிசி வந்து, அந்த அரிசியில் வண்டும் வந்து, இனி வருவதற்கு வேறொன்றும் பாக்கியில்லை என்று ஆறுதல்புரத்து ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், ஏழு வருஷத்துக்கு முன்னால் செத்து அடக்கம் பண்ணப்பட்ட வேதமாணிக்கம் தன் வீட்டு வாசலில் வந்து நின்று, கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, காப்பி போட்டாச்சா என்று கேட்டார்.

அவருடைய மனைவி எப்சிபா அப்போது முறத்தை மடியில் வைத்து வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முதலில் கவனித்தது கோட்டைத்தான். அது அவருடைய கல்யாணக் கோட்டு. சாகிறபோது அவருக்கு இருந்த வயிற்றுக்கு அதில் ஒரு பொத்தானும் எட்டாமல், ஊக்குக் குத்திப் பெட்டியில் வைத்தார்கள். இப்போது எல்லாப் பொத்தானும் ஒழுங்காகப் போட்டிருந்தது. இருந்த காலத்தில் எத்தனை டாக்டர் சொல்லியும் குறையாத வயிறு, படுத்த இடத்தில் குறைந்துவிட்டதே என்று நினைத்தாள். பிறகு, கால் மண்ணோடு உள்ளே வர வேண்டாம் என்று சொல்லி, தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

வேதமாணிக்கத்தை அறிந்தவர்கள் யாரும் அவர் எழும்பியதற்காகப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மனிதர் அப்படிப்பட்டவர். கோயிலில் குருவானவர் வசனத்தை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பிரியமானவர்களே என்று ஆரம்பிக்கிற அந்த இடத்திலேயே அவர் தூங்கிவிடுவார். கைகட்டி, முதுகு நிமிர்ந்து, முகம் நிறைய பக்தியோடு தூங்குவார். வெளியூரிலிருந்து வருகிற குருமார்கள், கேட்கிற முகம் ஒன்றாவது இருக்கிறதே என்று அவரைப் பார்த்தேதான் பிரசங்கம் பண்ணுவார்கள். ஆனால் பிரசங்கம் முடிந்து, கடைசிப் பாட்டுக்காக ஆர்மோனியத்தில் முதல் சுரம் அரைகுறையாகக் கிளம்பும்போதே, சபை முழுவதற்கும் முன்னால் விறைப்பாக எழும்பி நிற்பவரும் அவர்தான். அவர் எழும்பியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் முக்காட்டையும் வேட்டியையும் சரிசெய்துகொண்டு எழும்புவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் அறுப்பின் பண்டிகையன்று, ஆர்மோனியம் முதல் சுரத்தைத் தாண்டி, முதல் அடியைத் தாண்டி, இரண்டாம் சரணத்துக்குப் போன பிறகும் அவர் எழும்பாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், அவர் செத்துப்போயிருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தது. பிரசங்கத்தின் எந்த இடத்தில் உயிர் போனது என்று பிரசங்கம் பண்ணினவருக்கே தெரியவில்லை.

இப்போது நடந்ததும் அதே பழக்கத்தில் நடந்ததுதான். வெள்ளத்தில் ஊருக்குள் மூழ்காத மேடு கல்லறைத் தோட்டம் ஒன்றே. உயிரோடிருந்தவர்களெல்லாம் மொட்டை மாடியில் நனைந்துகொண்டு நின்றபோது, செத்தவர்கள் மட்டும் காய்ந்த இடத்தில் படுத்திருந்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசிக்கிற மோசஸ், தன் கொட்டகை அடித்துக்கொண்டு போய்விட்டதால், மிஞ்சிய வாத்தியங்களைக் கல்லறைத் தோட்டத்து மதிலில் காயப்போட்டிருந்தான். ட்ரம்பெட்டுக்குள் புகுந்திருந்த சேற்றையும் செத்த மீன்குஞ்சு ஒன்றையும் கம்பி விட்டு வெளியே எடுத்து, இனி இது பேசுமா பேசாதா என்று பார்ப்பதற்காக, வீடு போன துக்கத்தையும் பிடித்துவைத்த கல்யாணங்களெல்லாம் தள்ளிப்போன துக்கத்தையும் சேர்த்து மூச்சாக இழுத்து, ஒரே ஓர் ஊது ஊதினான். கடைசி எக்காளம் என்று ஒன்று ஊதப்படும், அப்போது மரித்தவர்கள் எழும்புவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்லிக்கொடுத்து அடக்கம் பண்ணியிருந்த அத்தனை பேரிலும், அதைக் கேட்டு எழும்பியது வேதமாணிக்கம் ஒருவர்தான். ஏழு வருஷத்து ஈஸ்டர் ட்ரம்பெட்டையும் உள்ளே விடாதிருந்த மூடுகல் இந்த மழையில் விரிசல் விட்டிருந்தது; அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சபையில் யாரை அடக்கம் பண்ணினாலும் கிழக்கே கால் நீட்டித்தான் படுக்கவைப்பார்கள். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார், எழும்பி உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிய வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி உட்கார்ந்து பார்த்த வேதமாணிக்கத்துக்கு, நேர் எதிரே, மதில்மேல், லுங்கியை மடித்துக்கட்டி, கன்னம் உப்பி, ட்ரம்பெட்டோடு ஒருவன் தெரிந்தான். தேவதூதன் லுங்கி கட்டுவானா என்று சற்று யோசித்து, பிறகு அது மோசஸ் என்பதைக் கண்டுபிடித்து, மற்றவர்கள் எங்கே என்று அவனைக் கேட்டார். மோசஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டான். பதில் கிடைக்காததால் அவர் வீட்டுக்கு நடந்தார்.

எப்சிபா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, தூள் குறைச்சல் என்று சொல்லிவிட்டு, சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளம் விட்டுப்போன கறையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் எல்லாக் காலையிலும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அவன் எங்க? இன்னும் எழும்பலையா?"

எப்சிபா அடுக்களை நிலையில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவர்களுக்கு ஒரே மகன். பெயர் கிங்ஸ்லி. தூக்கத்தில் அப்பாவையும் மிஞ்சினவன். அப்பாவாவது பாட்டுச் சத்தம் கேட்டால் எழும்புவார், இவன் எதற்கும் எழும்ப மாட்டான். அலாரம் அடித்தால் தலையணையை எடுத்து அலாரத்தின் மேல் வைப்பான். முகத்தில் தண்ணீர் தெளித்தால் துடைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பான். எழுப்பப் போகிறவர்களிடமெல்லாம், கண்ணைத் திறக்காமலே, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பான். அவனை எழுப்பத் தெரிந்தவர் வேதமாணிக்கம் ஒருவர்தான். போர்வையை விலக்கி, வலது காலின் பெருவிரலைப் பிடித்து, மாட்டைத் தொழுவிலிருந்து இழுப்பதுபோல நிதானமாக இழுப்பார், பையன் உட்கார்ந்துவிடுவான். அவர் செத்த பிறகு எப்சிபாவும் விரலைப் பிடித்து இழுத்துத்தான் பார்த்தாள். அந்தப் பிடி அவளுக்குக் கைவரவில்லை.

ஊர்க் குளம் உடைந்து வெள்ளம் வந்த விடியற்காலையில் கிங்ஸ்லி தோட்டத்து மோட்டார் அறையில் காவலுக்குப் படுத்திருந்தான். கோயில் மணியை அடி அடி என்று அடித்தார்கள். ஊரே கத்தியது. கோயில் மாடியில் ஏறி நின்றபடி எப்சிபா போன் பண்ணினாள். அதிசயமாக, எடுத்தான். "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் போன் அடிக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு அவனைக் கொண்டுவந்து, பெட்டி செய்ய ஊரில் உலர்ந்த பலகை இல்லாததால் கோயில் திரைச்சீலையில் சுற்றி, பெட்டி மக்கிப்போயிருந்த அப்பாவின் கல்லறையையே திறந்து, அவருடைய இடது பக்கத்தில் வைத்து மூடினார்கள்.

அன்றிலிருந்து எப்சிபாவுக்கு ஒரு பயம். மற்ற தாய்மாருக்கு வருகிற பயமில்லை அது. மகன் பரலோகம் போவானா மாட்டானா என்று அவள் கவலைப்படவில்லை; நல்ல பிள்ளை, போவான். எக்காளம் ஊதினால் எழும்புவானா என்பதுதான் கவலை. கோயில் மணிக்கு எழும்பாதவன், ஊர்க் கூப்பாட்டுக்கு எழும்பாதவன், குளம் உடைந்த சத்தத்துக்கே எழும்பாதவன். எல்லோரும் எழும்பி, வரிசையாகப் போய், கதவும் சாத்திய பிறகு, இவன் மட்டும் இன்னும் அஞ்சு நிமிஷம் என்று படுத்திருந்தால்? குருவானவர் கோல்ட்வின் ஐயாவிடம் கேட்டாள். இளம் வயதுக்காரர், இதுதான் அவருக்கு முதல் சபை. அந்தச் சத்தம் சாதாரணச் சத்தமாக இருக்காதம்மா, நம்பிக்கையோடிருங்கள் என்றார். குளம் உடைந்ததும் சாதாரணச் சத்தமில்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள்.

இதையெல்லாம் அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தபடி சொல்லிமுடிக்கும் வரை வேதமாணிக்கம் காப்பித் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப இடது பக்கம் கெடக்கது அவனா?" என்றார். "யாரோ புதுசா வந்து படுத்தது தெரிஞ்சுது. முழங்கையால இடிச்சான். எவன்டா இது, படுக்கத் தெரியாதவன்னு நெனச்சேன்."

"அவன்தான்."

அவர் அழுதார் என்றுதான் எப்சிபா நினைத்தாள். கண்ணிலிருந்து வந்தது பெரும்பாலும் மண்.

அன்றைக்கே இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். வேதமாணிக்கம் மூடுகல் விலகிய இடுக்கில் வாயை வைத்து, எலே கிங்ஸ்லி, பஸ் போயிட்டு என்றும், உன் சேக்காளி எல்லாம் குளிச்சு முடிச்சாச்சு என்றும், ஒரு தகப்பன் ஒரு மகனிடம் எத்தனை பொய் சொல்லலாமோ அத்தனையும் சொல்லிக் கூப்பிட்டார். மோசஸைப் பிடித்துவந்து ஊதச் சொன்னார்கள். உதடு வீங்கும்வரை ஊதினான். மூன்று தெரு ஜனம் கூடிவிட்டது. ஆளாளுக்குத் தன் வீட்டுக் கல்லறையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பார்த்தார்கள், சிலர் ஆசையாக, சிலர் ஆசையாக இருப்பவர்கள்போல. யாரும் எழும்பவில்லை. வேதமாணிக்கம்தான், ஒவ்வொரு தடவை ஊதும்போதும், உட்கார்ந்த இடத்திலிருந்து விறைப்பாக எழும்பி நின்றார்.

அதன்பின் ஆறுதல்புரம் அவரோடு வாழப் பழகியது. ஏற்கெனவே மணலோடும் வண்டோடும் பழகிய ஊர்தானே. கோல்ட்வின் ஐயா பேராயர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். உயிர்த்தெழுதல் சபையின் விசுவாசம்தான் என்றாலும், தனிநபர்கள் தாங்களாகவே முன்கூட்டி அதில் இறங்குவது பற்றி வழிகாட்டுதல் எதுவும் இல்லை, காத்திருக்கவும் என்று பதில் வந்தது. சங்கீதக் குழுப் பெண்கள் ஒரு நாள் கூட்டமாக வந்து, மோட்சம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். தூங்கினேன் என்றார். கனவாவது வந்ததா என்றார்கள். வரவில்லை என்றார். ஏழு வருஷம் போய் இருந்துவிட்டு ஒரு தேவதூதனைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறாரே, இவரை அனுப்பினதற்கு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். அடுத்த டவுனில் கூடாரம் போட்டிருந்த ஒரு பிரசங்கியார் கார் அனுப்பி அவரைக் கூட்டிப்போனார். ஊரெங்கும் அவர் படத்தோடு போஸ்டர் ஒட்டியாயிற்று. அவர் மேடையில் சாட்சி சொல்வதற்கு முன்னால் பிரசங்கியார் கொஞ்சம் பேசத் தொடங்கியதில், வேதமாணிக்கம் கைகட்டி, நிமிர்ந்து, அத்தனை ஜனத்துக்கும் முன்னால் தூங்கிவிட்டார்.

சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. எழும்பி வந்தவருக்குப் பசிக்குமா என்று எப்சிபா கேட்டதற்கு, கர்த்தரே எழும்பி வந்ததும் மீன்தானே கேட்டார் என்றார். அன்றைக்கே நெத்திலி வாங்கினாள். நிவாரண அரிசி இரண்டு வயிற்றுக்கு ஓடியது. ஆனால் கோட்டை மட்டும் கழற்ற மறுத்துவிட்டார். எந்த நேரமும் கர்த்தர் வந்துவிடுவார், பனியனோடு நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. தினமும் டீக்கடை பெஞ்சில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் சீண்டுவார்கள்.

"என்ன அண்ணாச்சி, கர்த்தர் கெளம்பிட்டாரா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஹாரன் கேட்டாச்சு. பஸ்ஸு வளைவுல நிக்கி. மூட்டைய எடுத்து வச்சிக்கிடுறதுதான் நம்ம வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் அதையே வேறு எதற்கோ சொன்னார்கள். கோயிலுக்குள் முழங்கால் அளவுக்குச் சேறு அப்படியே கிடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு யாருக்கும் அதை அள்ள மனம் வரவில்லை, ஆராதனை வாசலில்தான் நடந்தது. பஸ்ஸு வளைவுல நிக்கி, வந்து எறங்குனவர் சேத்துலயா கால் வைக்க என்று கேலியாகச் சொல்லிக்கொண்டே ஒருவன் மண்வெட்டியை எடுத்தான். கேலியாகவே இன்னொருவன் கூடையைத் தூக்கினான். கேலி செய்துகொண்டே அள்ளியதில் கோயில் சுத்தமாகி, பிறகு பள்ளிக்கூடமும் சுத்தமாகி, திருப்பூருக்கு மூட்டை கட்டியிருந்த இரண்டு குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூட்டையை அவிழ்த்து, மணலை வழித்துப்போட்டு வாழைக்கன்று வைத்தன. நம்பிக்கையினால் செய்தோம் என்று அவர்களில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த ட்ரம்பெட் ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மோசஸ் தினமும் ஊத வேண்டும் என்றார்கள். சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள் ஊதக் கூடாது என்றார்கள். சபைக் கூட்டம் கூடியது. தங்கத்துரை என்பவருடைய முதல் மனைவி மூன்றாம் வரிசையில் படுத்திருந்தாள்; இரண்டாம் மனைவி ஆறாம் மாதக் கர்ப்பத்தோடு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உயிர்த்தெழுதலில் தனக்கு முழு விசுவாசம் உண்டு என்று தங்கத்துரை கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். கண்கலங்கிச் சொன்னார். அது நடக்க வேண்டிய நேரத்தில் நடக்க வேண்டும், வாரநாட்களில் இப்படி நடப்பது சரியில்லை என்று மட்டும்தான் சொல்ல விரும்புவதாகச் சொல்லி உட்கார்ந்தார். கடைசியில் ட்ரம்பெட்டைக் கோயில் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் குருவானவரிடம் கொடுப்பது என்று முடிவானது.

எப்சிபாவுடைய பயம் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. முன்பு எழும்ப மாட்டானோ என்ற சந்தேகம்தான் இருந்தது; இப்போது கண்ணால் பார்த்தாயிற்று. அப்பா எழும்பின சத்தத்துக்கு மகன் புரண்டுகூடப் படுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லி அவரிடம் சண்டைக்குப் போனாள். அன்றைக்கே உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்து இழுத்திருக்கலாமே, வாயால் கத்திக்கொண்டிருந்தீர்களே என்றாள்.

"இழுத்தா எழும்ப மாட்டான்" என்றார் அவர். "அவன் உசுரோட இருந்தப்பவும் நேரத்துக்கு முந்தி இழுத்தா என்ன செய்வான்? ஒதைப்பான். நேரம் வந்த பெறகு இழுத்தாத்தான் எழும்புவான். மோசஸ் ஊதுனது நேரமில்ல, பிள்ள. நான் பழக்கத்துல எழும்பிட்டேன். தப்பு என் மேலதான்."

அவர் அதைச் சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்கத் தொடங்கிவிட்டார். எப்சிபா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். நேரம் வந்த பிறகு இழுக்க வேண்டும். நேரம் வருகிறபோது இழுக்கிற கை பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கை இப்போது அவள் முன்னால் நெத்திலி தின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஏழு வருஷமாக அந்த வீட்டில் குறை சொல்ல ஆளில்லாமல் சமைத்திருக்கிறாள். இப்போது உப்பு குறைச்சல், தூள் குறைச்சல் என்று ஒரு குரல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, எரிச்சலாகவும் இருந்தது, விடியும்போது அந்தக் குரல் இருக்கிறதா என்று காது தேடவும் செய்தது. சாவு பிரிக்கும்வரை என்றுதானே சத்தியம் வாங்கினார்கள், அதற்கப்புறமும் ஆள் வந்து உட்கார்ந்திருந்தால் அது யார் கணக்கு என்று ஒரு நாள் அவரிடமே கேட்டுச் சிரித்திருக்கிறாள். சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரத்தையும் கழுவி, அடுப்பை மெழுகி, செய்வதற்கு வேறு வேலை எதுவும் இல்லாமல் போன பிறகு வந்து சொன்னாள்.

"நீங்க போய்ப் படுங்க."

"பகல்லயா?"

"அங்க போய்ப் படுங்க. அவன் பக்கத்துல."

வேதமாணிக்கத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டீக்கடை, மீன், டவுனிலிருந்து வருகிற கார் எல்லாவற்றையும் அவர் ஒரு சுற்று நினைத்துப் பார்ப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நானே தூங்கிட்டா?" என்றார் கடைசியில்.

"பாட்டுக்கு எழும்பாம இருந்திருக்கீங்களா எப்பவாவது?"

"ஒரே ஒரு தடவ."

"அதுக்குத்தான் இப்ப வந்து எழும்பியாச்சே. போங்க."

இந்தச் செய்தியைக் கேட்டதும் கோல்ட்வின் ஐயா இடிந்துபோனார். ஒருமுறை அடக்கம் பண்ணினவரை, அதுவும் நடந்து வருகிறவரை, எந்த முறைமையின்படி மறுபடி அடக்கம் பண்ணுவது? ஜெப முறைமையில் அதற்கு இடமில்லை. பாட்டுப் பாடினால் எழும்பி நிற்பார், ஆகவே பாட்டும் கூடாது. யோசித்து யோசித்து, இருப்பது ஒரே வழி என்று எல்லோரும் ஒரு மனதாக முடிவுசெய்தார்கள். பிரசங்கம் பண்ண வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடியது. மூடுகல்லை நகர்த்தினார்கள். வேதமாணிக்கம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, உப்பு சரியாக இருந்தது என்று எப்சிபாவிடம் சொல்லிவிட்டு உள்ளே இறங்கினார். இறங்கினவர் வழக்கத்துக்கு மாறாக மேற்கே காலையும் கிழக்கே தலையையும் வைத்துப் படுத்தார். படுத்து, திரைச்சீலைக்கு அடியில் கையை விட்டு, தேடி, மகனுடைய வலது காலின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டார்.

கோல்ட்வின் ஐயா பதறினார். "அண்ணாச்சி, திரும்பிப் படுங்க. ஆண்டவர் வாரப்போ நீங்க அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு எழும்புவீங்க."

"பையன எழுப்பிட்டுத் திரும்பிக்கிடுதேன் ஐயா. எவ்வளவு நேரம் ஆகப்போகுது."

"முதல்ல ஆண்டவரையில்லா பாக்கணும்."

"அவருக்கும் ஒரு மகன் உண்டுல்லா" என்றார் வேதமாணிக்கம். "கோவிச்சுக்கிட மாட்டாரு."

கோல்ட்வின் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, பிரியமானவர்களே என்று தொடங்கி, நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். தன் பிரசங்கத்தில் யாராவது தூங்கிவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் அவர் பேசியது அன்றைக்குத்தான். அதனாலோ என்னவோ நன்றாகவே பேசினார், இரண்டு பேர் அழக்கூடச் செய்தார்கள். வேதமாணிக்கம் மூன்றாம் வாக்கியத்திலேயே தூங்கிவிட்டார். முகத்தில் பக்தி இருந்தது. கை மட்டும் பிடியை விடவில்லை. எப்சிபா குனிந்து பார்த்துத் தலையசைத்ததும், கல்லை நகர்த்தி, சத்தமில்லாமல் பூசி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, மொத்தச் சபையும் நுனிக்காலில் வீட்டுக்குப் போனது.

பிறகு வீடு மறுபடி அமைதியாக இருந்தது. எப்சிபா ஒரு வயிற்றுக்குச் சமைத்தாள். உப்பைத் தானே ருசி பார்த்துக்கொண்டாள். நல்லது செய்தோமா, இருந்த ஒருவரையும் இல்லாமல் பண்ணிக்கொண்டோமா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நம்பிக்கையோடிருங்கள் என்று யாராவது சொன்னால், இருக்கேன் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அவர்கள் பேசாமலிருக்க வெற்றிலைத் தட்டை நீட்டுவாள்.

லெந்து காலத்து நாற்பது நோன்பு நாளும் போய் ஈஸ்டர் வந்தது. ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில்தான் ஆராதனை. பொழுது கிளம்புகிற நேரத்தில் மோசஸ் ட்ரம்பெட் ஊத, அல்லேலூயா சொல்வது வழக்கம். இந்த வருஷம் ஊதலாமா என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஊதாத ஈஸ்டர் ஓர் ஈஸ்டரா என்று கேட்டவர்கள் ஜெயித்தார்கள். பீரோ திறந்தது. வாழைக்கன்றுகள் குருத்து விட்டிருந்த வயலோரமாக, மெழுகுவர்த்திகளோடு ஊர் நடந்து வந்து, அவரவர் வீட்டுக் கல்லறையருகே நின்றது. தங்கத்துரை தன் முதல் மனைவியின் மூடுகல்மேல், கால் வலிக்கிறதுபோல், தன் முழுக் கனத்தோடும் உட்கார்ந்துகொண்டார்.

கிழக்கே சிவந்தது. மோசஸ் மதிலின்மேல் ஏறினான். இந்தத் தடவை கால்சட்டையும் கோட்டும் போட்டிருந்தான். மூச்சை இழுத்து ஊதினான்.

சத்தம் கல்லறைகள் மேல் போய், வயல்களின் மேல் போய், உடைந்த குளத்துக் கரைவரை போய் அடங்கியது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எல்லோரும் வேதமாணிக்கத்தின் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல் அசையவில்லை. ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, பார்த்துவிட்டுப் பறந்தது. தங்கத்துரை பெருமூச்சு விட்டார். கோல்ட்வின் ஐயா முறைமைப் புத்தகத்தைத் திறந்தார்.

அப்போது கல்லுக்கடியில் துணி இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரோ எதையோ பிடித்து நிதானமாக ஓர் இழு இழுப்பதுபோல. பிறகு, தூக்கத்தில் புரள்கிற ஒரு புரளல். பிறகு, கண்ணைத் திறக்காமல் பேசுகிறவனின் கனத்த குரலில், எரிச்சலோடு, அந்தத் தோட்டத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு வார்த்தை வந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா."

எப்சிபா கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, மிச்சமிருந்ததை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். பூச்சு காய்ந்த மூடுகல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அஞ்சு நிமிஷம்தான், சொல்லிட்டேன்" என்றாள்.